ரவிக்கைத் துணி சேர்த்து ஆறேகால் மீட்டர்

பள்ளி விடுதி,
தருமபுரி.
7.7.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை கலைவாணி எழுதுகிறேன். இங்கே நான் சுகம். சோறுதான் கொஞ்சம் குழைவு. அப்பாவின் முதுகுவலி எப்படி இருக்கிறது, அம்மா சர்க்கரை மாத்திரையை மறக்காமல் போடுகிறாளா, எழுது. ஞாயிற்றுக்கிழமை தருகிற ஐந்து நிமிடப் போன், சாப்பிட்டாயா, எண்ணெய் வைத்தாயா என்று அம்மா கேட்பதற்கே சரியாகப் போய்விடுகிறது. செல்போன் வைத்துக்கொள்ளக் கூடாது. அதனால்தான் கடிதம். சிரிக்காதே.

விஷயத்துக்கு வருகிறேன். பிளஸ் ஒன் பிசிக்ஸில் எறிபொருள் என்று ஒரு பாடம். பந்தை எறிந்தால் எங்கே போய் விழும் என்று கணக்குப் போடணும். எனக்கு மண்டையில் ஒன்றுமே ஏறவில்லை. பூவராகவன் சாரிடம் கேட்கப் பயமாக இருக்கிறது. நம் வீட்டில் டிப்ளமோ வரைக்கும் படித்தவன் நீ ஒருத்தன்தான். கீழே இருக்கும் கணக்கை எனக்குப் புரிகிற மாதிரி போட்டு அனுப்பு.

வினாடிக்கு இருபது மீட்டர் வேகத்தில், முப்பது டிகிரி சாய்வில் ஒரு பந்தை எறிகிறோம். எவ்வளவு உயரம் போகும்? எவ்வளவு நேரம் பறக்கும்? எவ்வளவு தூரத்தில் விழும்? ஜி-யைப் பத்து என்று வைத்துக்கொள்ளலாம்.

வேளைக்குச் சாப்பிடு. பதிலுக்குக் காத்திருக்கும்,
கலைவாணி

* * *

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
21.7.2024

அன்புத் தங்கைக்கு,

கதிர்வேல் எழுதுவது. இங்கே எல்லாரும் சௌக்கியம். உன் கவரைப் போஸ்ட்மேன் நீட்டியதும் ஏதோ கோர்ட் நோட்டீஸ் என்று அப்பா தறியை விட்டு எழுந்தே வந்துவிட்டார். முதுகுவலியெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை.

உனக்கு ஆள் கிடைக்காமல் என்னிடமா பிசிக்ஸ் கேட்கிறாய்? உனக்கு மட்டும் சொல்கிறேன், மனசோடு வைத்துக்கொள். டிப்ளமோவில் மற்ற பேப்பரெல்லாம் முடித்துவிட்டேன். முதல் செமஸ்டர் பிசிக்ஸ் மட்டும் நாலு தடவை எழுதி நாலு தடவையும் கவிழ்த்துவிட்டது. அது இல்லாமல் சர்டிபிகேட் வராது. அப்பாவிடம், "வந்துக்கினே இருக்குதுபா" என்று மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் மார்ச்சுக்குள் சர்டிபிகேட் காட்டினால் பர்மனென்ட், இல்லாவிட்டால் கான்ட்ராக்டோடு சரி, வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். நவம்பரில் கடைசி வாய்ப்பு. அதற்குமேல் பழைய பாடத்திட்டத்துக்குப் பரீட்சையே கிடையாது. புத்தகத்தை எடுத்தால் இரண்டாம் பக்கத்தில் தூக்கம் வருகிறது. என் லட்சணம் இது.

இருந்தாலும் ஆசையாகக் கேட்டுவிட்டாய். போட்டிருக்கிறேன், பார்த்துக்கொள். இருபதின் வர்க்கம் நானூறு. அதை இரண்டு ஜி-யால், அதாவது இருபதால் வகுத்தால் உயரம் இருபது மீட்டர். போக இரண்டு வினாடி, வர இரண்டு வினாடி, ஆக நாலு. நாலு வினாடி இருபது வேகத்தில் போனால் தூரம் எண்பது மீட்டர். உச்சியில் பந்தின் வேகம் பூஜ்யம், அதனால்தான் கீழே இறங்குகிறது. இவ்வளவுதான் பாடம். இதற்குப் போய்ப் பயந்தாயே.

உடம்பைப் பார்த்துக்கொள். குழைந்த சோற்றில் மோர் ஊற்றித் தின்றுவிடு.
உன் அண்ணன்,
கதிர்வேல்

* * *

தருமபுரி
28.7.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் தங்கை நலமாக இருக்கிறாள், மோர் சோறும் தின்கிறாள். அப்பாவிடம் நான் எதற்குச் சொல்லப்போகிறேன்?

நீ சொன்னது தெளிவாக இருந்தது. ஆனால் என் மரமண்டைக்கு இரண்டு சந்தேகம். கோபப்படாதே.

ஒன்று. அதே பந்தை நேராக வானத்தைப் பார்த்து எறிந்தால் எவ்வளவு உயரம் போகும் என்று நீ காட்டின மாதிரியே போட்டேன். அதுவும் இருபது மீட்டர்தான் வந்தது. சாய்த்து எறிந்தாலும் இருபது, நேரே எறிந்தாலும் இருபதா? அப்படியென்றால் கணக்கில் கொடுத்த முப்பது டிகிரி சும்மா அலங்காரத்துக்கா?

இரண்டு. உச்சியில் வேகம் பூஜ்யம் என்று எழுதியிருக்கிறாய். இங்கே மைதானத்தில் என் அறைத் தோழி புவனேஸ்வரி எறிகிற பந்தைக் கவனித்துப் பார்த்தேன். உச்சிக்குப் போய் அங்கேயே நின்று செங்குத்தாக விழவில்லை. முன்னால் போய்க்கொண்டேதான் விழுகிறது. அவள் ஏதாவது தப்பாக எறிகிறாளா?

அம்மா அப்பாவுக்கு என் நமஸ்காரம்.
கலைவாணி

* * *

காஞ்சிபுரம்
18.8.2024

அன்புத் தங்கைக்கு,

வீட்டில் யாருக்கும் ஒரு குறையும் இல்லை. மூன்று வாரம் பதில் போடாததற்குக் காரணம் வேலை இல்லை, கோபம். உன் கடிதத்தைப் படித்ததும், "புவனேஸ்வரி எறியறதைப் பார்த்து எனக்குப் பாடம் சொல்லுது பார்" என்று மடித்து டிபன் பையில் போட்டுவிட்டேன். ஆனால் அந்த முப்பது டிகிரி என்னை விடவில்லை. மெஷின் பக்கத்தில் நின்றால் முப்பது டிகிரி, சாப்பிட உட்கார்ந்தால் முப்பது டிகிரி.

போன வாரம் கம்பெனி பஸ்ஸில் வந்தேன். பக்கத்து சீட்டு சந்தோஷ்குமார் சும்மா இருக்கமாட்டான். டிபன் பாக்ஸ் மூடியை மேலே தூக்கிப் போட்டுப் போட்டுப் பிடித்துக்கொண்டிருந்தான். பஸ் வாலாஜாபாத் ரோட்டில் பறக்கிறது. மூடி மேலே போய் ஒரு நொடி நிற்கிறது. நின்றதே, அது பின் சீட்டு ஆள் தலையில் விழவேண்டாமா? விழவில்லை. அவன் கைக்கே வருகிறது. "டேய், இன்னொரு தபா போடுடா" என்றேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போடச் சொல்லிப் பார்த்தேன். எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அவன் நினைத்துக்கொண்டான்.

கலை, நான் எழுதியது தப்பு. உச்சியில் நின்றுபோவது மேலே போகிற வேகம் மட்டும்தான். முன்னால் போகிற வேகத்தை யாரும் தொடவில்லை, அது அப்படியே இருக்கிறது. இரண்டையும் முதலிலேயே பிரித்துவிட வேண்டும். இருபதை சைன் முப்பதால் பெருக்கினால் மேல்நோக்கி பத்து. காஸ் முப்பதால் பெருக்கினால் முன்னோக்கி பதினேழு புள்ளி மூன்று. மேலே போகிற பத்துக்கு உயரம் ஐந்தே மீட்டர், நேரம் இரண்டே வினாடி. அந்த இரண்டு வினாடியில் முன்னோக்கிப் போனது முப்பத்து நாலரை மீட்டர் சொச்சம். எண்பது எங்கே, முப்பத்து நாலு எங்கே. நாலு தடவையும் இதே இடத்தில்தான் கவிழ்ந்திருப்பேன்.

புவனேஸ்வரி சரியாகத்தான் எறிகிறாள் என்று சொல்.
அண்ணன்,
கதிர்வேல்

* * *

தருமபுரி
25.8.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சௌக்கியம். ஒரு வாரமாக இங்கே மழை. உன் டிபன் பாக்ஸ் மூடி எனக்கு நன்றாகப் புரிந்தது. சார் நடத்தினபோதுகூட இவ்வளவு புரியவில்லை.

இப்போது வேறு ஒன்று. மாடி விளிம்பிலிருந்து ஒரு பந்து படுக்கைவாக்கில் உருண்டு வந்து விழுகிறது. அது எவ்வளவு தூரத்தில் விழும் என்று எப்படிச் சொல்வது? இதில் டிகிரியே கொடுக்கவில்லை. டிகிரி இல்லாமல் என்ன செய்வார்கள் பாவம்.

அம்மாவிடம் முறுக்கு அனுப்பச் சொல். வார்டன் பாதியை எடுத்துக்கொள்வார், அதையும் சேர்த்துச் சுடச் சொல்.
கலைவாணி

* * *

காஞ்சிபுரம்
8.9.2024

அன்புத் தங்கைக்கு,

நேற்று பிள்ளையார் சதுர்த்தி. வீட்டில் எல்லாரும் கொழுக்கட்டையும் சுண்டலுமாக நன்றாக இருக்கிறார்கள், என்னைத் தவிர. எதிர்வீட்டுக் கலியாணசுந்தரம் மாமா என்னோடு பேசுவதில்லை. காரணம் உன் கணக்கு.

டிகிரி இல்லை என்றால் மேல்நோக்கி வேகம் பூஜ்யம், சும்மா கீழே போட்ட பந்து மாதிரி விழும், நேரத்துக்கு உயரம் மட்டும் தெரிந்தால் போதும். இதை நானே கண்டுபிடித்தேன், புத்தகத்தைப் பார்க்கவில்லை. கண்டுபிடித்ததும் கை சும்மா இருக்குமா? நம் மேல்மாடியில் தெருப் பக்கம் இன்னும் கைப்பிடிச் சுவர் கட்டவில்லை இல்லையா, அங்கிருந்து டென்னிஸ் பந்தை உருட்டிவிடுவது என்று முடிவு செய்தேன்.

உயரம் அளக்க டேப் இல்லை. அம்மாவின் மாம்பழக் கலர் பட்டுப்புடவையைக் கேட்காமல் எடுத்து விளிம்பிலிருந்து தொங்கவிட்டேன். சரியாகத் தரையைத் தொட்டது. புடவை பன்னிரண்டு முழம். நெசவுக்காரன் பிள்ளைக்கு இது தெரியாதா? ஐந்தரை மீட்டர். ஜி-யை ஒன்பது புள்ளி எட்டு என்றே போட்டேன். விழ ஒன்று புள்ளி பூஜ்யம் ஆறு வினாடி. பந்து உருளுகிற வேகத்தைச் செல்போனில் பார்த்தேன், வினாடிக்கு நாலு மீட்டர். ஆக நாலேகால் மீட்டருக்கு ஒரு விரற்கடை முன்னால் விழும். அந்த இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டு மாடி ஏறினேன்.

அன்றைக்குப் பார்த்து மாமா தறிக்கான நூலைத் தெருவில் பாவாக நீட்டியிருந்தார். பாவுக்குத் தடவ வைத்திருந்த கஞ்சிச் சட்டி என் வட்டத்துக்குக் கொஞ்சம் அப்பால் இருந்தது. மாமாவோ குளித்து, பட்டை போட்டு, சலவை வேட்டியோடு சட்டி பக்கத்தில் குனிந்து நிற்கிறார். உதவிக்கு வந்து கீழே நின்ற சந்தோஷ்குமார், "வோணாம்டா, மாமா போவட்டும்" என்றான். "கணக்குப் போட்டிருக்கேன்டா, சட்டிக்கு முன்னாடியே விழும்" என்று உருட்டிவிட்டேன்.

சட்டிக்குள்ளேயே விழுந்தது. கஞ்சி முழுவதும் மாமா மேல். "இன்னாடா கதிரு, கோயிலுக்குப் போற மனுசன் மேல கஞ்சியை ஊத்திக்கினு, நீயெல்லாம் இன்னா டிப்ளமோடா" என்று தெருவே கேட்கிற மாதிரி கேட்டார். அப்புறம் நான் புதுக் கஞ்சி காய்ச்சி, மத்தியானம் வரைக்கும் பாவுக்குத் தடவினேன். அம்மா புடவைக்குத் தனியாகத் திட்டினாள்.

கணக்கை ஏழு தடவை சரிபார்த்துவிட்டேன். ஒரு தப்பும் இல்லை. இந்த பிசிக்ஸே பொய் என்று தோன்றுகிறது. புத்தகத்தைக் கட்டி வைத்துவிட்டேன்.

கதிர்வேல்

* * *

தருமபுரி
15.9.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

எனக்கு ஒன்றுமில்லை, சிரித்துச் சிரித்து வயிறுதான் வலிக்கிறது. புவனேஸ்வரிக்குப் படித்துக் காட்டினேன். அவள் கட்டிலிலிருந்து எழுந்திருக்கவில்லை. மாமாவிடம் நானும் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

எனக்குக் கணக்குத் தெரியாது அண்ணா, புடவை தெரியும். அந்த மாம்பழக் கலர் புடவைக்கு அம்மா ரவிக்கைத் துணியை வெட்டவே இல்லை. பச்சை ரவிக்கைதான் எடுப்பாக இருக்கும் என்று அப்படியே மடித்து வைத்துவிட்டாள். பன்னிரண்டு முழம் என்பது ரவிக்கைத் துணி வெட்டின புடவைக்கு இல்லையா? இதனால் ஏதாவது வித்தியாசம் வருமா, வராதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நீ பார்.

புத்தகக் கட்டைப் பிரித்து வை. காலாண்டுப் பரீட்சை வருகிறது, பயமாக இருக்கிறது.
கலைவாணி

* * *

காஞ்சிபுரம்
22.9.2024

அன்புத் தங்கைக்கு,

சுருக்கமாக எழுதுகிறேன், ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. எல்லாரும் நலம். நீ சொன்ன புடவையை டேப் வைத்து அளந்தேன். ரவிக்கைத் துணி சேர்த்து ஆறேகால் மீட்டர். விழுகிற நேரம் ஒன்று புள்ளி ஒன்று மூன்று, தூரம் நாலரை மீட்டர். சட்டி இருந்த இடமேதான். கலை, பந்து விழுந்தது சரி, நான்தான் தப்பு. எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்ல முடியாது. மாமாவிடம் போய்ச் சொன்னேன். அவரும், "ரவிக்கைத் துணியை வுட்டுட்டு அளந்தா இன்னா ஆவும்" என்று சிரித்துவிட்டார்.

தினம் ஐந்து கணக்குப் போடுகிறேன். உனக்கு எது புரியவில்லை என்றாலும் உடனே எழுது. சார் திட்டினால் திட்டட்டும், அண்ணன் இருக்கிறேன்.
கதிர்வேல்

* * *

காஞ்சிபுரம்
13.10.2024

கலைவாணிக்கு,

உன் காலாண்டு மதிப்பெண் அட்டை வீட்டுக்கு வந்தது. பிசிக்ஸ் தொண்ணூற்றெட்டு. வகுப்பில் முதல் இடம். ஜூன் மாதத் தேர்விலும் தொண்ணூற்றாறு என்று அதிலேயே போட்டிருக்கிறது. நீ எனக்கு முதல் கடிதம் எழுதியது ஜூலையில்.

மரமண்டை யார் என்று தெரிந்துவிட்டது. இனிமேல் எனக்குக் கணக்கு அனுப்பாதே.

கதிர்வேல்

* * *

தருமபுரி
20.10.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நன்றாக இல்லை. உன் கடிதம் வந்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.

நான் செய்தது உண்மை, மறைக்கவில்லை. இங்கே கிளம்புவதற்கு முன்னால் பீரோவில் என் சான்றிதழைத் தேடும்போது உன்னுடைய பழைய ஹால் டிக்கெட் நாலும் கிடைத்தன. ஸ்ரீபெரும்புதூர்க் கடிதமும் அங்கேயே இருந்தது. படித்துவிட்டு அழுதேன். உட்கார்ந்து படி என்று சொன்னால் நீ படிக்கமாட்டாய். நான் சொல்லித்தருகிறேன் என்றால், உன்னைவிட ஏழு வயது சின்னவள் சொல்லி நீ கேட்பாயா? எனக்குத் தெரியவில்லை என்றால் மட்டும் நீ விடமாட்டாய். சின்ன வயதிலிருந்து அப்படித்தான். அதனால் தெரியாத மாதிரி எழுதினேன். நீ எங்கே தப்பு விட்டாயோ அங்கே சந்தேகம் கேட்டேன்.

என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. பரீட்சைக்கு மட்டும் போகாமல் இருந்துவிடாதே, அண்ணா. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.
கலைவாணி

* * *

தருமபுரி
10.11.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

ஊரிலிருந்து பத்திரமாக வந்து சேர்ந்தேன். தீபாவளிக்கு மூன்று நாள் வீட்டில் இருந்தேன். மூன்று நாளும் நீ டபுள் ஷிப்டு என்று போய்விட்டாய். எனக்கென்று எடுத்த சுடிதாரைக்கூட அம்மா கையில் கொடுத்து அனுப்பினாய். நன்றாக இருக்கிறது, அளவும் சரி.

வெள்ளிக்கிழமை உன் பரீட்சை. போய்விடு அண்ணா. வேறொன்றும் கேட்கமாட்டேன்.
கலைவாணி

* * *

காஞ்சிபுரம்
24.11.2024

அன்புத் தங்கைக்கு,

எல்லாரும் சௌக்கியம். நானும்தான். பரீட்சை எழுதிவிட்டேன். முதலில் அதைத் தெரிந்துகொண்டு ஒழுங்காகச் சாப்பிடு.

வெள்ளிக்கிழமை காலையில் போவதாக இல்லை. யூனிபார்ம் போட்டுக்கொண்டு கம்பெனி பஸ்ஸுக்குத்தான் நின்றேன். அப்படி என்னதான் கோபம் என்று நின்றபடியே யோசித்துப் பார்த்தேன். நீ தொண்ணூற்றெட்டு வாங்கியதற்கு எனக்கு என்ன கோபம், தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவேன். மூன்று மாதமாக வாத்தியார் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேனே, அந்த வெட்கம்தான். அப்புறம் தோன்றியது, சந்தேகம் நீ கேட்டாலும் பதில் நான்தானே கண்டுபிடித்தேன். டிபன் பாக்ஸ் மூடி நீ சொல்லித்தந்தது இல்லை. கஞ்சிக்குத் திட்டு வாங்கியதும் நான்தான். பஸ்ஸை விட்டுவிட்டு ஆட்டோ பிடித்துப் போனேன்.

ஹாலில் எல்லாம் பதினேழு வயசுப் பிள்ளைகள். என்னைப் பார்த்து, "குட்மார்னிங் சார்" என்று எழுந்து நின்றார்கள். உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு நானும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். அவர்கள் முகத்தைப் பார்க்கணுமே. எறிபொருள் கணக்கு ஒன்று, பத்து மதிப்பெண்ணுக்கு வந்தது. எழுதி முடித்து, மூன்று தடவை சரிபார்த்தேன்.

பாஸ் ஆவேனா தெரியாது. ஆனால் பாஸ் ஆகாவிட்டால் அப்பாவிடம் நானே உண்மையைச் சொல்லிவிடுவேன். தீபாவளிக்கு உன் முகத்தைப் பார்க்காமல் ஓடினது எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.
உன் அண்ணன்,
கதிர்வேல்

* * *

காஞ்சிபுரம்
26.1.2025

அன்புத் தங்கைக்கு,

அம்மா, அப்பா, நான், எதிர்வீட்டு மாமா உட்பட எல்லாரும் பரம சௌக்கியம். அறுபத்தொன்று. பாஸ்.

முதலில் அப்பாவிடம் போய் மூன்று வருஷப் பொய்யையும் ஒப்புக்கொண்டு, அதே மூச்சில் மதிப்பெண்ணையும் சொன்னேன். அப்பா தறியை நிறுத்தவே இல்லை. "பீரோவுல வச்சா என் கண்ணுல படாதுன்னு நெனச்சியா, அந்த ஹால் டிக்கெட்டை நான் பாத்து ரெண்டு வருசம் ஆவுது. நீயா சொல்லட்டும்னு இருந்தேன்" என்றார். நம் வீட்டில் வாயைத் திறக்காமல் இருப்பதில் நீ மட்டும் கெட்டிக்காரி இல்லை. மார்ச் முதல் தேதியிலிருந்து பர்மனென்ட் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள்.

இனி வேறு விஷயம். பொங்கலுக்கு நீ வந்தபோது, நம் மாடியிலிருந்து எறிந்தால் எந்தச் சாய்வில் பந்து ரொம்ப தூரம் போகும் என்று கேட்டேன். கண் மூடித் திறப்பதற்குள் நாற்பத்தைந்து டிகிரி என்றாய். புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது என்றாய். எனக்கு என்னவோ ஒத்துவரவில்லை. கம்பெனி ஸ்கிராப்பில் கேட்டு வாங்கின ஸ்பிரிங்கை பிளாஸ்டிக் குழாய்க்குள் போட்டு, பந்து ஒரே வேகத்தில், வினாடிக்கு எட்டு மீட்டரில் கிளம்புகிற மாதிரி ஒன்று செய்தேன். பாவு இல்லாத ஞாயிற்றுக்கிழமை, தெரு காலி. சாய்வை மாற்றி மாற்றி விட்டுப் பார்த்தேன். நாற்பத்தைந்தில் பத்தரை மீட்டருக்குச் சற்று முன்னால் விழுந்தது. முப்பதில் பதினொன்றைத் தாண்டியது. கணக்கும் போட்டேன், அதுவும் முப்பதுக்குத்தான் வருகிறது. டேப்பால் அளந்தேன். புடவையால் இல்லை.

உன் தொண்ணூற்றெட்டுக்கு நான் சொல்கிறேன், நாற்பத்தைந்து தப்பு.
கதிர்வேல்

* * *

தருமபுரி
2.2.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் ரொம்ப ரொம்ப நலம். அறுபத்தொன்று என்று படித்ததும் விடுதி முழுக்கக் கேட்கிற மாதிரி கத்திவிட்டேன். வார்டன் வந்து திட்டினார், விஷயத்தைச் சொன்னதும் அவரே சர்க்கரை கொடுத்தார். அப்பாவை நினைத்தால்தான் வெட்கமாக இருக்கிறது.

உன் முப்பது டிகிரியைப் பார்த்ததும் நீ மறுபடி எதையோ தப்பாக அளந்துவிட்டாய் என்றுதான் நினைத்தேன். உட்கார்ந்து போட்டேன். மூன்று நாளாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன். எண்களை வைத்துப் பார்த்தால் நீ சொன்னதுதான் சரியாக வருகிறது. ஏன் அப்படி வருகிறது என்று மட்டும் பிடிபடவில்லை. தரையிலிருந்து எறிந்தால் நாற்பத்தைந்து, மாடிக்குப் போனால் அது ஏன் குறைகிறது? மாடி இன்னும் உயரமானால் இன்னும் குறையுமா?

பூவராகவன் சாரிடம் கேட்டால் சொல்லிவிடுவார். கேட்கவில்லை. இந்த முறை சத்தியமாக எனக்குத் தெரியாது, அண்ணா. நீ சொல்லிக்கொடு.

உன் தங்கை,
கலைவாணி